ஐந்தாவது காது

ராயபுரத்தில் கேஸ் வெல்டிங் என்றால் யேசுதாஸ், யேசுதாஸ் என்றால் கேஸ் வெல்டிங். இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஊர் இல்லை, யேசுதாஸேதான். ஆனாலும் அதில் பொய் ஒன்றும் கிடையாது. காசிமேட்டுப் படகின் சைலன்சர், ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களின் சைக்கிள் பார், மாதா கோயில் இரும்பு கேட், எது உடைந்தாலும் அவனுடைய தகரக் கொட்டகைக்குத்தான் வந்து சேரும். இரும்பு சிவந்து, மஞ்சளாகி, மினுங்க ஆரம்பிக்கிற சமயம் பார்த்துக் கம்பியைத் தொடுவான். அந்தச் சமயம் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேறு யார் கண்ணுக்கும் தெரியாது.

வேலையை முடிக்க அவனுக்கென்று ஒரு பாணி இருந்தது. ஒட்டு முடிந்த மறு நொடியே மணிக்கட்டை ஓர் உதறு உதறி டார்ச்சை மேலே தூக்குவான். வால்வை மூடுவான். சுடர் ‘டப்’ என்று வெடித்து அணையும். வேலை கொடுக்க வந்தவர்கள் அந்த ‘டப்’புக்காகவே காத்திருந்து சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் மேளக்காரன் கடைசி அடி அடித்துவிட்டு நிமிர்வானே, அதே நிமிர்வு யேசுதாஸுக்கும் வரும். இருபது வருஷமாக அப்படித்தான்.

அவன் பெண்சாதி ஆலிஸுக்கு லியோனார்ட் என்று ஒரு தம்பி. லோகோ ஷெட்டில் பிட்டர். கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு, அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அவர்கள் விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தான். வருஷா வருஷம் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கும். வேலிக்கு வெளியே நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன், எழுபத்திரண்டாம் வருஷம் ‘அடுத்த வருஷம் நான் வேலிக்கு உள்ளே’ என்று கிளம்பிவிட்டான். விபத்தில் நசுங்கிய பியட் காரிலிருந்து எஞ்சினைப் பெயர்த்துக்கொண்டு வந்து வீட்டுக் கொல்லையில் இறக்கினான். மிச்ச வண்டியை அவனே கட்டுவானாம். தெருவே சிரித்தது. யேசுதாஸ் சிரிக்கவில்லை.

“குழாய் கொண்டாடா மச்சான், ஒட்றதுக்கு நான் கீறேன்” என்றான்.

ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் நேரே கொல்லைதான். அந்த வண்டியின் இரும்புச் சட்டத்தில் யேசுதாஸ் கைபடாத ஒட்டு ஒன்றுகூட இல்லை. தெரு அதை லியோனார்ட் வண்டி என்றது. யேசுதாஸ் வாய் திறந்து மறுக்கவில்லை. மனசுக்குள் மட்டும் அது யேசுதாஸ் வண்டி.

வினை பெட்ரோல் டேங்க் ரூபத்தில் வந்தது. எடை குறைய வேண்டும், அதனால் டேங்கை அலுமினியத் தகட்டில்தான் செய்ய வேண்டும் என்று லியோனார்ட் பிடிவாதமாக நின்றான். “அதுக்கென்ன” என்று யேசுதாஸ் பவுடரைத் தடவிச் சுடரைக் காட்டினான். அலுமினியம் சிவக்கவில்லை, மஞ்சளாகவில்லை. வெள்ளையாகவே இருந்தது. இன்னும் சூடு போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் காட்டினான். தொப்பென்று ஓட்டை விழுந்தது. மறுபடி காட்டினான், மறுபடி தொப். நாலு தகடு போன பிறகு லியோனார்ட் மெதுவாக, “பரவால்ல மாமா, வுடு” என்றான். அந்தப் ‘பரவால்ல’ யேசுதாஸுக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடாமல் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் துறைமுக ஏலத்தில், சொந்தக்காரன் வந்து எடுக்காத சரக்கோடு சரக்காக அலுமினியத்தையும் ஒட்டக்கூடிய ஒரு வெளிநாட்டு ஆர்கான் வெல்டிங் மெஷின் லியோனார்டுக்குக் கிடைத்தது. பெட்டியில் உப்புத் தண்ணீர் ஏறிப் பூஞ்சை பிடித்திருந்தது. அதற்கு மூணு பேஸ் கரண்டு வேண்டும். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் தமீம் பாயின் ஐஸ் பாக்டரி. மனுஷர் நல்லவர், சுவருக்கு மேலே கேபிள் இழுத்துக்கொள்ளச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், “எங்க சொந்தத்துல ஜஹாங்கீர்னு ஒருத்தன், தண்டையார்பேட்டைல கீறான். எண்ணூர்ல ஒரு கம்பெனில ஆர்கான் வேலதான் செய்றான். சொல்லட்டுமா?” என்றும் கேட்டுவைத்தார். அந்த நல்ல மனசை யேசுதாஸ் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஜஹாங்கீர் வந்தான். யேசுதாஸ் வயதுதான் இருக்கும். ஒல்லி. சட்டையில் ஒரு கறை கிடையாது. வெல்டிங் போட வந்தவன் முதலில் சோப்பு கேட்டான். கை கழுவினான். தகட்டைத் துணியால் துடைத்தான், பிரஷ் போட்டுத் தேய்த்தான், மறுபடி துடைத்தான். யேசுதாஸ் பக்கத்தில் போய்த் தகட்டின் மேல் கை வைத்ததும், “மேஸ்திரி, கை வெக்காதீங்க. அலுமினியத்துக்குக் கலீஜ் ஆவாது” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த ‘நீங்க’ளும் ‘மேஸ்திரி’யும்தான் யேசுதாஸுக்கு இன்னும் எரிச்சல்.

“வெல்டிங் போட வந்தானா, ஆபரேசன் பண்ண வந்தானா?” என்று ஆலிஸ் காதில் கடித்தான்.

“நீயும்தான் ஒருநாள் கைய கழுவிட்டு வேல செஞ்சி பாரேன்” என்றாள் அவள்.

கடல் காற்று அடித்தால் ஆர்கான் காஸ் கலைந்துவிடும் என்று படகுப் பாயைக் கட்டி மறைப்பு வைத்தான் ஜஹாங்கீர். ஸ்டூலில் உட்கார்ந்தான். தையல் மெஷினுக்கு இருப்பது போல இதற்கும் காலால் மிதிக்கிற ஒரு மிதி. அதை அழுத்தினால் பொறி பறக்கவில்லை, புகை இல்லை, சத்தம்கூட இல்லை. சின்னதாக ஒரு நீல வெளிச்சம், ‘உஸ்’ஸென்று காஸ் போகிற ஒலி. இடது கையால் கம்பியைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டே போனான். பின்னால் ஒட்டு செதில் செதிலாக விழுந்தது, கொடுவா மீன் முதுகு மாதிரி. ஒரு செதில் பெரிசு, ஒரு செதில் சிறிசு என்று கிடையாது.

யேசுதாஸ் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து பார்த்தான். பார்க்காமல் இருப்பானா? தொழில்காரன். ஆனால் ஒட்டு முடியக் கடைசி ஓர் அங்குலம் இருக்கும்போது கொல்லையில் நின்றவர்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷபாஷ் சொல்லத் தயாரானார்கள். யேசுதாஸ் லியோனார்டின் முகத்தைப் பார்த்தான். ஆறு மாதம் இவன் முட்டி தேய உட்கார்ந்து சட்டம் கட்டியபோது ஒருநாளும் அந்த முகம் இப்படி மலர்ந்ததில்லை. வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பானைக்குப் போய்விட்டான். பின்னால் ஷபாஷ் கேட்டது. ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தான்.

அடுத்த ஒட்டுக்கும் அதே கதை. கடைசி அங்குலம் வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். டேங்குக்கு எட்டு ஒட்டு, அதைச் சட்டத்தோடு பிடித்துக்கொள்ள நாலு மூலையிலும் நாலு காது. அன்றைக்குப் பன்னிரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தான் யேசுதாஸ்.

“இன்னாய்யா, வயித்துல எதுனா கோளாறா?” என்று கேட்டாள் ஆலிஸ். கோளாறு வயிற்றில்தான். அதை எப்படிச் சொல்வான்?

மறுநாள் லியோனார்ட் வேலைக்குப் போனதும், ஆலிஸிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். டேங்க் வாயை அடைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஒட்டின் மேலும் தடவினான். முட்டி போட்டு மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில் ஒரு குமிழி கிளம்பியிருந்தால் போதும், அன்றைக்கு மாதாவுக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி ஏற்றியிருப்பான். ஒரு குமிழியும் வரவில்லை. பாவி, சுத்தமாகப் போட்டிருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு வீம்பு பிறந்தது. அவனுக்கும் ரெண்டு கை, எனக்கும் ரெண்டு கை. மிதியை அழுத்தினான்.

அன்றையிலிருந்து மூன்று மாதம், காலையில் லியோனார்ட் ஷெட்டுக்குப் போனதும் இவன் கொல்லைக்குப் போவான். பழக அலுமினியம் வேண்டுமே. முதலில் ஆலிஸின் பழைய பால் சொம்பு போனது. பிறகு மூடி இல்லாத குண்டான், பிறகு மூடி உள்ள குண்டான். வெட்டித் தகடாக்கி ஒட்டினான், மறுபடி வெட்டி மறுபடி ஒட்டினான். நிறத்தைப் பார்க்கக்கூடாது, மினுக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று பத்தாம் நாள் பிடிபட்டது. டார்ச்சின் நடுவில் இருக்கிற ஊசி தகட்டைத் தொட்டுவிட்டால் கறுப்பாகிக் கெட்டுப்போகும் என்பதை ஊசி ஊசியாகக் கெடுத்துக் கற்றுக்கொண்டான். ஒரு மாதத்தில் செதில் விழ ஆரம்பித்தது. இரண்டாம் மாதம் செதில் சீராயிற்று.

ஒரே ஒரு தொல்லை. ஒவ்வொரு ஒட்டும் முடிகிற இடத்தில் சின்னதாக, நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் விழுந்தது. பாத்திரம் மட்டமான சரக்கு, அதனால்தான் என்று யேசுதாஸ் தீர்மானித்துவிட்டான்.

“எங்கம்மா சீரா குடுத்த குண்டான மட்டம்னு சொல்றியா நீ?” என்று ஆலிஸ் கரண்டியோடு வந்தாள். “இட்லிப் பானைல மட்டும் கைய வெச்ச, அப்பறம் கீது உனக்கு!”

“மெதுவா பேசுடி. அந்த ஜஹாங்கீர் காதுல போய் வுழப் போவுது.”

“வுழட்டுமே. பக்கத்துல ஒக்காந்து கேட்டா சொல்லித் தர மாட்டானா? நல்ல மனுசன்தான?”

“அவங்கிட்ட நான் கேக்கறதா? தூ.”

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஆர்கான் சிலிண்டரின் மீட்டர் முள் வாரா வாரம் காரணமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை வந்த ஜஹாங்கீர் எங்கேயோ கசிகிறது என்று வாஷரை மாற்றினான், குழாயை மாற்றினான், சோப்புத் தண்ணீர் தடவித் தடவித் தேடினான். “இன்னா பேஜாரா கீது, ஒண்ணும் தெர்லியே” என்று தலையைச் சொறிந்தான். யேசுதாஸ் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வயிறு குளிர்ந்தது.

ஜனவரிக் கடைசியில் வண்டி ஓடியது. விடியற்காலை எண்ணூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த லியோனார்ட், டேங்க் நடுவில் அதிர்கிறது, அடியில் இன்னொரு காது வைத்துப் பிடித்தால்தான் நிற்கும் என்றான். டேங்கைக் கழற்றி, பெட்ரோலைக் கொட்டிவிட்டு, ஒட்டும்போது தீப்பிடிக்காமல் இருக்கப் பெட்ரோல் வாடை போகும்வரை தண்ணீர் நிரப்பி மூன்று நாள் ஊறவைத்தான். அந்த ஞாயிறு ரேஸ். புதன்கிழமை காலையில் ஷிப்டுக்கு முன்னால் வந்து காதை ஒட்டித் தருவதாக ஜஹாங்கீர் சொல்லியிருந்தான்.

புதன்கிழமை ஜஹாங்கீர் வரவில்லை. எண்ணூரில் ஏதோ அவசர வேலை என்று கம்பெனியிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்களாம். அது பின்னால் தெரிந்த சங்கதி. பத்து மணிவரை வாசலில் நின்று பார்த்தான் யேசுதாஸ். கடல் காற்று இன்னும் கிளம்பவில்லை. டேங்க் துடைத்துத் தயாராக இருந்தது. காது வெட்டித் தயாராக இருந்தது. இவன் கையும் தயாராகத்தான் இருந்தது.

சோப்புப் போட்டுக் கை கழுவினான். ஆமாம், கழுவினான். படகுப் பாயை இழுத்துக் கட்டினான். மிதியை அழுத்தினான். அவன் வாழ்க்கையில் அப்படி ஓர் ஒட்டுப் போட்டதில்லை. செதில் மேல் செதிலாகச் சுற்றி வந்தது. கடைசிச் செதில் விழுந்ததும் மிதியை விட்டு, மணிக்கட்டை உதறி டார்ச்சைத் தூக்கி, நிமிர்ந்தான். ‘டப்’ மட்டும் வரவில்லை. காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவினான். குமிழி இல்லை. முடிகிற இடத்தைத் துடைத்துப் பார்த்தான். நட்சத்திரம் கண்ணுக்குத் தென்படவில்லை. நல்ல சரக்கில் விழாது என்று நினைத்ததுதான் சரி.

சாயங்காலம் லியோனார்ட் வந்து டேங்கைத் திருப்பிப் பார்த்தான். யேசுதாஸ் சுவரில் சாய்ந்துகொண்டு, ‘யாரு அடிச்சது தெரியுமா’ என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தான்.

“பாத்தியா மாமா,” என்றான் லியோனார்ட், காதின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே. “அவசரத்துல வந்து போட்டுட்டுப் போயிகீறாரு, அப்பவும் பாரு. கைன்னா அது ஜஹாங்கீர் பாய் கைதான்!”

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தன் கை வேலையைத் தன் மச்சானே தன் முகத்துக்கு நேராக வேறொருவனுக்குத் தூக்கிக் கொடுத்தால் மனுஷன் என்ன செய்வான்? ‘அடேய் நான்தாண்டா’ என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. பொறாமை ஒரு தினுசான யோசனை சொல்லிக்கொடுத்தது.

வீட்டுக்கு வந்து ஆலிஸிடம் சொன்னான். “நான் சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கெழம சோழவரத்துக்குப் பாயும் வருவான் இல்ல? அவன் பாக்கட்டும். ‘இது நான் அடிக்கல’ன்னு அவன் வாயாலயே சொல்லட்டும். ‘அப்போ யாரு அடிச்சது இது?’ன்னு அவனே கேக்கட்டும். எல்லார் எதுருலயும். அப்ப சொல்றேன்.”

“இப்பவே சொல்லிட்டா இன்னா கொறஞ்சி பூடும்?”

“உனுக்குத் தெரியாது, சும்மா கெட.”

நாலு நாளும் அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்தான். அவன் காதைத் தடவுவான், அவன் புருவம் உயரும், அவன் கேட்பான். இவன் உடனே பதில் சொல்ல மாட்டான். பீடி பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் சொல்வான். பீடி பற்றவைக்கிற இடம்வரை முடிவு செய்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் ஜனம் திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்திருந்தது. லாரியில் வண்டியைக் கொண்டுபோய் இறக்கினார்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளின் பளபளக்கிற கார்களுக்கு நடுவே லியோனார்டின் வண்டி வர்ணம் பூசாத தகட்டோடு நின்றது. ஜஹாங்கீர் நேராக ஷிப்டு முடிந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தான், கண் சிவந்திருந்தது. வண்டியைச் சுற்றி வந்து டயரைத் தட்டினான், லியோனார்டின் தோளைத் தட்டினான். ஐந்தாவது காது இல்லாமலே ஓட்டுகிறான் என்று நினைத்தானோ என்னவோ, டேங்குக்கு அடியில் மட்டும் குனியவில்லை. ‘குனிடா’ என்று யேசுதாஸ் உள்ளுக்குள் கெஞ்சினான். பீடி சட்டைப் பையில் தயாராக இருந்தது.

பழகிப் பார்க்க மூன்று சுற்று விட்டார்கள். லியோனார்ட் சுற்றிவிட்டு வந்து நின்றபோது அவன் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. “மாமா, பறக்குது மாமா!” என்றான். இன்னும் பத்து நிமிஷத்தில் ரேஸ். ஒலிபெருக்கியில் வண்டிகளை வரிசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

யேசுதாஸ் தன் சட்டத்து ஒட்டுகளைப் பார்ப்பதற்காகக் குனிந்தான். பெட்ரோல் நாற்றம் அடித்தது. இங்கே எங்கே திரும்பினாலும் பெட்ரோல் நாற்றம்தான். ஆனாலும் தொழில்காரன் மூக்கு. தலையை அடியில் விட்டான். டேங்கின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. ஒரு சொட்டு திரண்டு, தொங்கி, சைலன்சர் குழாய்க்கு நாலு விரல் தள்ளித் தரையில் விழுந்தது. அடுத்த சொட்டு திரண்டது.

சத்தியமாகச் சொன்னால் அந்த நொடி யேசுதாஸுக்கு வந்தது சந்தோஷம். ஒழுகுது! ஜஹாங்கீர் டேங்க் ஒழுகுது! மூன்று மாதம் முன்னே சோப்புத் தண்ணீரில் தேடிய குமிழி இதோ கிடைத்துவிட்டது. மாதாவே, கண் திறந்தியா! பல்லெல்லாம் தெரிய, விரலால் ஈரத்தைத் துடைத்து ஒழுகுகிற இடத்தைத் தேடினான்.

விரல் போய் நின்ற இடம் ஐந்தாவது காது. ஒட்டு முடிகிற இடத்தில் ஒரு நட்சத்திரம். மூன்று சுற்று அதிர்ந்ததில் அதன் ஒரு கால் நீண்டு டேங்கின் வயிற்றுக்குள் ஓடியிருந்தது.

மேலே சீட்டில் உட்கார்ந்து லியோனார்ட் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி வாரை இழுத்துக்கொண்டிருந்தான். டேங்குக்கும் அவன் முதுகுக்கும் நடுவே ஒரு தகடுதான்.

“நிறுத்துடா! எறங்கு! எறங்குடா கீழ! டேங்க் ஒழுவுது!”

அப்படிக் கத்த அவனுக்கு ஒரு நொடி யோசனைகூட வேண்டியிருக்கவில்லை. அது அவன் கணக்கில் இருக்கட்டும். யோசனை அதற்கப்புறம்தான் வந்தது.

லியோனார்ட் இறங்கிக் குனிந்து பார்த்தான். முகம் செத்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வீசினான். “பாய்!” என்று கத்தினான். பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள். “இன்னா பாய் வேல இது? உன்ன நம்பித்தான குட்த்தேன்? வர்சம் பூரா பாடுபட்டு... இன்னா பாய் இது!”

ஜஹாங்கீர் ஓடி வந்தான். ஒன்றும் புரியாமல் அடியில் தலையை விட்டுப் பார்த்தான். காதைத் தடவினான். யேசுதாஸ் நாலு நாளாகப் பார்த்த அதே காட்சி. புருவம்கூட அதே மாதிரி உயர்ந்தது.

“இது நான் அடிக்கலியே” என்றான் ஜஹாங்கீர். “புதங்கெழம நான் வர்ல லியோனார்ட்டு. கம்பெனில உடல. அப்போ யாரு அடிச்சது இது?”

லியோனார்ட் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பக்கத்து வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் எதிரிலும்தான். யேசுதாஸின் கை சட்டைப் பைக்குப் போய், பீடியைத் தொட்டு, வெறுங்கையாகத் திரும்பி வந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜஹாங்கீர்தான் பொய் சொல்கிறான் என்றுகூட விட்டிருக்கலாம், லியோனார்ட் இருந்த கோபத்தில் நம்பியிருப்பான். அந்த எண்ணம் வரவில்லை என்று யாரும் அவனுக்காகச் சத்தியம் செய்ய வேண்டாம். வந்தது. ஆனால் அந்தச் செதிலைப் பார்த்தான். அத்தனை சீரான செதில். அதை எப்படி இன்னொருவன் பேருக்கு எழுதிக்கொடுப்பது? நல்லதாக இருந்தபோதே கொடுக்க மனசில்லை.

“நான்தான்” என்றான்.

லியோனார்ட் அவனைப் பார்த்தான், அவ்வளவுதான். பிறகு போய் எஞ்சின் சாவியைத் திருப்பிக் கையில் எடுத்துக்கொண்டான். சொல்ல வேண்டியதை ரொம்ப நேரம் கழித்துத்தான் சொன்னான். “சொல்லிட்டு செஞ்சிருந்தா, பாய் ஒரு தபா பாத்துட்டு உட்ருப்பாரே மாமா.”

வரிசையில் மற்ற வண்டிகள் உறுமின. கொடி இறங்கியது. ஜனம் ஓவென்று கத்தியது. அவ்வளவு சத்தத்துக்கும் நடுவில் ஜஹாங்கீர் மல்லாந்து வண்டிக்கு அடியில் படுத்து, அந்த ஒட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யேசுதாஸைக் கூப்பிட்டான்.

“மேஸ்திரி, செதிலு ஸோக்கா கீது. என்னுதுன்னு சொன்னா நானே நம்பிடுவேன். எப்படிப் பழகுனீங்க?”

யேசுதாஸ் குனிந்து அந்த நட்சத்திரத்தையே பார்த்தான்.

“கடேசில கைய எடுத்துட்டீங்க,” என்றான் ஜஹாங்கீர். “மிதிய மெதுவாத்தான் உடணும். விட்டதும் டார்ச்ச எடுக்கக் கூடாது. வெளிச்சம் போனாலும் காஸ் வந்துகினே இருக்கும் இல்ல? அது நிக்கற வரிக்கும் அங்கயே புடிச்சிகினு இருக்கணும். ஆறு எண்ணணும். இல்லன்னா சூடா கீற எடம் காத்து பட்டு வெடிச்சிடும், நச்சத்திரம் மாதிரி.” வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். “ஒவ்வொரு ஒட்டும் உங்க எதுருலதான மேஸ்திரி போட்டேன்? கண்ணாடி புடிச்சிகினு பக்கத்துலயே ஒக்காந்து இருந்தீங்களே. கடேசில நான் கைய எடுக்காம இருந்தத பாக்கலியா நீங்க?”

பன்னிரண்டு ஒட்டு. பன்னிரண்டு டம்ளர் தண்ணீர். யேசுதாஸுக்கு அந்த இடத்திலேயே நா வறண்டது.

வண்டியை லாரியில் ஏற்றித் திரும்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் ஆலிஸ் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். குண்டான் மட்டமில்லை என்று அவன் சொன்னபோது அவள் சிரிக்கவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. “சாப்டு” என்றாள்.

அந்த வாரம் முழுக்க லியோனார்ட் அவனோடு பேசவில்லை. சனிக்கிழமை அக்காவிடம் மட்டும், “நாளைக்கு பாய் வராரு, மாமாவ வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டுப் போனான். யேசுதாஸ் போகக் கூடாது என்றுதான் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கால் தானாகக் கொல்லைக்குப் போனது.

ஜஹாங்கீர் பழைய ஒட்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, கை கழுவி, துடைத்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இன்னொரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினான். “பக்கத்துல வாங்க மேஸ்திரி.”

இப்போதும் பொறாமை போய்விட்டதாக நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தார்கள். ஜஹாங்கீரைப் பற்றி யேசுதாஸ் ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. அன்றைக்கும் நீல வெளிச்சம் வந்ததும் வயிறு புகைய ஆரம்பித்தது. செதில் விழுந்தது. தமீம் பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினார். லியோனார்ட் மூச்சைப் பிடித்தான். கடைசி அங்குலம் வந்தது. பழைய வழக்கத்தில் யேசுதாஸின் முட்டி எழுந்திருக்கப் பார்த்தது.

உட்கார்ந்தான். மிதி மெதுவாக எழும்பியது. வெளிச்சம் சிறுத்து அணைந்தது. ஜஹாங்கீரின் கை அங்கேயே நின்றது. ‘உஸ்’ஸென்று காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. யேசுதாஸ் எண்ணினான். ஒன்று. இரண்டு. சுற்றிலும் ஷபாஷ் கிளம்பியது. மூன்று. “கைன்னா இது கை!” என்றான் லியோனார்ட். நாலு. வயிறு திகுதிகுவென்று எரிந்தது. ஐந்து.

ஆலிஸ் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு கொண்டுவந்து நீட்டினாள்.

“அப்பறம்” என்றான் யேசுதாஸ், கண்ணாடியைக் கீழே வைக்காமல்.